இரண்டு விரலுக்கு ஒரு வழக்கு

எழுபது தாண்டிய கிழவன் கிட்டார் கற்றுக்கொள்ளப் போனான் என்றால் சிரிப்பதற்கு ஆயிரம் காரணம் உண்டு. வயதைச் சொல்லிச் சிரித்திருந்தால் நானும் சேர்ந்து சிரித்திருப்பேன். ஆனால் சேலத்தில் அந்த வகுப்பில் என்னைத் திருப்பி அனுப்பியது வயதைச் சொல்லி அல்ல. என் இடது கையைப் பிடித்து, விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்திப் பார்த்துவிட்டு, "நாலு விரலும் வேலை செய்யோணுங்கய்யா. உங்களுக்கு ரெண்டுதானே செய்யுது. இது ஆகாதுங்க" என்றார் அந்த இளைஞர். மரியாதையாகத்தான் சொன்னார். டீ கூட வரவழைத்துக் கொடுத்தார்.

டீக்கு நன்றி. தீர்ப்பை மட்டும் ஏற்க மாட்டேன். நாற்பது ஆண்டு அரசாங்கக் கோப்புகளோடு குடும்பம் நடத்தியவன் நான். ஒரு தீர்ப்பு வந்தால் அதன் மேல் முறையீடு எழுதாமல் தூக்கம் வராது. இதுதான் அந்த முறையீடு.

முதலில் கையின் கதை. 2014ல் ராசிபுரத்திலிருந்து ஆண்டகளூர் கேட் பக்கம் டிவிஎஸ் வண்டியில் போனபோது சாலையில் கொட்டிக் கிடந்த மணலில் சறுக்கி விழுந்தேன். இடது முழங்கை முறிந்தது. எலும்பு கூடிவிட்டது, நரம்பு கூடவில்லை. முழங்கையைக் கதவில் இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை சுரீர் என்று இழுக்குமே, அந்த நரம்புதான். மோதிர விரலும் சுண்டுவிரலும் பாதி மடங்கியே நிற்கின்றன. சட்டைப் பொத்தான் போடலாம், முருங்கைக்காய் நறுக்கலாம். கிட்டார் தந்தியை அழுத்த மட்டும் அவை வரா. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் ஒழுங்காக இருக்கின்றன.

இந்தக் கையை வைத்துக்கொண்டு கிட்டார் ஆசை ஏன்? அதற்குப் புதுச்சேரிக்குப் போக வேண்டும். நான் பிறந்து, பிரெஞ்சில் படித்து, குமாஸ்தா வேலை பார்த்து ஓய்வு பெற்றதெல்லாம் அங்கேதான். ராசிபுரம் என் மனைவியின் ஊர். எங்கள் தெருவில் ஒரு சொல்தா தாத்தா இருந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்சன் வாங்கியவர்களை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அவர் வீட்டில் ஒரு கிராமபோன் பெட்டி. ஞாயிற்றுக்கிழமை மாலை நாங்கள் பையன்கள் திண்ணையில் உட்கார்ந்தால் ஒரு கிட்டார் தட்டைப் போடுவார். 'நுவாஜ்' என்று பெயர். மேகங்கள் என்று பொருள். பாட்டு முடிந்ததும் தன் இரண்டு விரலைத் தூக்கிக் காட்டி, "தெ துவா! ரெண்டே விரல்டா இவனுக்கு!" என்பார். நாங்கள் நம்பவில்லை.

நம்பாதது எங்கள் தப்பு. ஜாங்கோ ரெய்ன்ஹார்ட் 1910ல் பெல்ஜியத்தில் பிறந்தவர். வண்டியையே வீடாகக் கொண்டு ஊர் ஊராகப் போகும் நாடோடிக் குடும்பம். 1928ல், பதினெட்டு வயதில், அந்த வண்டி வீட்டில் தீப்பிடித்தது. இடது கை வெந்து, மோதிர விரலும் சுண்டுவிரலும் சுருங்கிவிட்டன. எனக்குப் போன அதே இரண்டு விரல்கள். மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தபோது கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு மிச்சமிருந்த இரண்டு விரலுக்கு ஒரு புது வழி கண்டுபிடித்தார். 1934ல் பாரிசில் வயலின்காரர் ஸ்தெஃபான் கிராப்பெல்லியோடு ஐவர் குழு ஒன்றில் வாசிக்கத் தொடங்கினார். தனி வாசிப்பெல்லாம் அந்த இரண்டு விரலில்தான். சுருங்கிய விரல்களைச் சில கார்டுகளுக்கு மட்டும் ஒத்தாசைக்கு வைத்துக்கொண்டார். இன்று உலகம் முழுதும் ஜிப்சி ஜாஸ் என்று வாசிப்பது அவர் வழியைத்தான்.

பிரெஞ்சுக்காரர்கள் அதை 'ஜாஸ் மனூஷ்' என்பார்கள். மனூஷ் என்பது அந்த நாடோடிகளில் ஒரு பிரிவார் தமக்கு வைத்துக்கொண்ட பெயர். மனிதன் என்று அர்த்தம். அவர்கள் முன்னோர் ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வட இந்தியாவிலிருந்து புறப்பட்டவர்கள். நாம் சொல்லும் மனுஷனும் அவர்கள் சொல்லும் மனூஷும் ஒரே வேரில் முளைத்தவை. கிராப்பெல்லியோ, பிற்காலத்தில் நம் எல். சுப்பிரமணியத்தோடு சேர்ந்து வாசித்து இசைத்தட்டே வெளியிட்டார். ஆகவே, "நமக்கு எதுக்குங்க இந்த வெள்ளைக்காரன் சங்கீதம்?" என்று கேட்கும் நண்பர்களுக்கு இத்தோடு பதில் முடிந்தது.

இனி வழக்குக்கு வருகிறேன். அந்த வகுப்பில் சுவரில் ஒரு படம் ஒட்டியிருந்தது. நான்கு விரல், நான்கு மெட்டு. (வீணையில் மெட்டு என்கிறோமே, அதைத்தான் கிட்டாரில் ஃப்ரெட் என்கிறார்கள். நான் மெட்டு என்றே எழுதுகிறேன்.) ஆள்காட்டி விரல் ஐந்தாம் மெட்டுக்கு, நடுவிரல் ஆறுக்கு, மோதிர விரல் ஏழுக்கு, சுண்டுவிரல் எட்டுக்கு. ஒரு மெட்டுக்கு ஒரு விரல், கையை நகர்த்தாதே. இதுதான் விதி. நல்ல விதிதான். நான்கு விரலும் உள்ள பிள்ளைக்கு அது பலம் கொடுக்கும், கையை ஒழுங்குபடுத்தும். நான் அதை எதிர்க்கவில்லை. அந்த விதி ஒன்றுதான் கிட்டார் என்று சொல்வதைத்தான் எதிர்க்கிறேன்.

நான் கற்க விரும்பியது அர்பேஜ். கார்டு என்றால் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட ஸ்வரங்களைச் சேர்த்து ஒரே அடியில் ஒலிக்கச் செய்வது. அதே ஸ்வரங்களை ஒன்றன் பின் ஒன்றாக உதிர்த்தால் அர்பேஜ். இத்தாலிய மொழியில் 'ஆர்ப்பா' என்றால் ஹார்ப், நம் பழைய யாழின் உறவுக்காரி. அந்தச் சொல்லிலிருந்து வந்தது இது. யாழ் போல மீட்டுவது என்று வைத்துக்கொள்ளலாம். கர்நாடக சங்கீதம் பழகியவர்களுக்குத் தாட்டு வரிசையை நினைத்தால் பாதி புரிந்துவிடும். வரிசையாக நடக்காமல் ஸ்வரங்களைத் தாண்டித் தாண்டிப் போவது.

ஜிப்சி ஜாஸில் அடிக்கடி வரும் ஓர் அர்பேஜை எடுத்துக்கொள்வோம். ஏ மைனர் சிக்ஸ்த் என்பார்கள். நம் கணக்கில் ச, சாதாரண காந்தாரம், ப, சதுச்ருதி தைவதம். நான்கே ஸ்வரம்: ச க ப த. தடித்த ஆறாம் தந்தியில் ஐந்தாம் மெட்டை ச என்று வையுங்கள். எட்டாம் மெட்டு க. ஐந்தாம் தந்தியில் 7 ப, 9 த. நான்காம் தந்தியில் 7 மேல் ச, 10 க. மூன்றாம் தந்தியில் 9 ப, 11 த. இரண்டாம் தந்தியில் 10 ச, 13 க. முதல் தந்தியில் 12 ப, 14 த.

ஒரு காகிதத்தில் எழுதிப் பாருங்கள். ஒரு தந்தியில் ச க, அடுத்த தந்தியில் ப த. மறுபடி ச க, ப த. மறுபடி ச க, ப த. மூன்று ஸ்தாயி, பன்னிரண்டு ஸ்வரம், எந்தத் தந்தியிலும் இரண்டுக்கு மேல் இல்லை. ஒரு தந்திக்கு இரண்டு ஸ்வரம் என்றால் எத்தனை விரல் வேண்டும்? கீழ் ஸ்வரத்துக்கு ஆள்காட்டி விரல், மேல் ஸ்வரத்துக்கு நடுவிரல். தீர்ந்தது. வலது கையிலும் அதே கணக்கு. ஒவ்வொரு தந்தியையும் மேலிருந்து கீழே ஓர் அடியோடு தொடங்க வேண்டும் என்பது இந்தப் பாணியின் வழக்கம். இரண்டு ஸ்வரத்துக்குக் கீழே, மேலே. அடுத்த தந்தியில் கீழே, மேலே. சறுக்கவே சறுக்காது.

ச எங்கெங்கே விழுகிறது என்றும் பாருங்கள். 5, 7, 10. முதலில் இரண்டு மெட்டு ஏறுகிறது, பிறகு மூன்று. காரணம், மூன்றாம் தந்திக்கும் இரண்டாம் தந்திக்கும் நடுவில் மட்டும் சுருதி இடைவெளி அரை ஸ்வரம் குறைவு. அந்தக் குறையை ஒரு மெட்டு கூடுதலாக ஏறி ஈடு செய்கிறோம். இதை யாராவது ஒரு முறை சொல்லிக் கொடுத்தால் படமே வேண்டாம். எந்த மெட்டிலிருந்து தொடங்கினாலும் கை தானே போகும்.

நான்கு விரல்காரர் ஒரே இடத்தில் கையை நட்டுவைத்து மெட்டுப் பலகையின் குறுக்கே போகிறார். இரண்டு விரல்காரர் படிக்கட்டு ஏறுவதுபோல் சாய்வாக மேலே போகிறார். அவ்வளவுதான் வித்தியாசம். நான் நடந்து போகிறேன் என்பதற்காக ஊர் வந்து சேரமாட்டேன் என்று சொல்லலாமா?

"ஜாங்கோ ஒரு மேதைங்க. அவரு விதிவிலக்கு. அவரைக் காட்டி எல்லாரும் கேக்க முடியுங்களா?" இதுதான் அந்த இளைஞர் கடைசியாகச் சொன்னது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, மல்லூர் தாண்டி, கிழங்கு மில்லின் புளித்த வாடை ஜன்னல் வழியே வந்தபோதுதான் எனக்குப் பதில் கிடைத்தது. என் மனைவியின் அக்காள் வீணை வாசிப்பார்.

வீணை வாசிப்பவரின் இடது கையைக் கூர்ந்து பார்த்திருக்கிறீர்களா? இருபத்து நான்கு மெட்டுகள். அவற்றின் மேல் ஓடுவது ஆள்காட்டி விரலும் நடுவிரலும்தான். சில பாணியில் இரண்டும் ஒட்டிக்கொண்டே நகரும். சில பாணியில் கத்தரிக்கோல் போலப் பிரிந்து, ஒன்று ஒரு மெட்டிலும் மற்றது அடுத்த மெட்டிலும் நிற்கும். எட்டாத ஸ்வரத்துக்கு விரலை நீட்டுவதில்லை, கையை நகர்த்துவார்கள். அல்லது அதே மெட்டில் தந்தியை இழுத்தே அடுத்த ஸ்வரத்தைக் கொண்டு வருவார்கள். வடக்கே சிதாரிலும் பெரும்பாலும் இதே இரண்டு விரல்தான்.

அவர்கள் எல்லோரும் மேதைகளா? இல்லை. நவராத்திரிக் கொலுவில் வீணை வாசித்த எத்தனை வீட்டுப் பெண்கள்! சமையல் முடித்து, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து வர்ணம் வாசித்தவர்கள். பாரிசில் ஒரு மனிதர் தீயில் வெந்து கண்டுபிடித்த வழியில், நம் ஊரில் தலைமுறை தலைமுறையாக யாரும் வெந்துபோகாமலேயே நடந்துகொண்டிருக்கிறார்கள். இரண்டு விரல் விதிவிலக்கு அல்ல ஐயா. இந்த மண்ணில் அதுவே ஒரு விதி. சுவரில் படம் ஒட்டும்போது அதை மறந்துவிட்டோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாண்டலின் ஸ்ரீநிவாஸ் 2014ல், நாற்பத்தைந்து வயதில் மறைந்தார். அவருடைய குரு சுப்பராஜு வாய்ப்பாட்டுக்காரர். மாண்டலின் வாசிக்கத் தெரியாதவர். அவர் பாடுவார், பையன் அதைக் கருவியில் தேடி எடுப்பான். எந்த விரல் எங்கே என்று சொல்ல ஆளே இல்லை. காது சொன்னது, விரல் கேட்டது. எந்த ஸ்வரம் என்பதை முதலில் சொல்லுங்கள், எந்த விரல் என்பது பிறகு வரும். இன்று நேர்மாறாக நடக்கிறது. பிள்ளைகளுக்கு 5-8, 7-9 என்று எண் தெரிகிறது. "அதில் எது ச?" என்று கேட்டால் விழிக்கிறார்கள். போன் நம்பர் ஒப்பிப்பதற்கும் சங்கீதத்துக்கும் வித்தியாசம் வேண்டாமா?

இவ்வளவு கோபம் ஏன் என்று கேட்பீர்கள். இரண்டு காரணம்.

முதல் காரணம் பழையது. எழுபதுகளின் கடைசி, நான் இளம் குமாஸ்தா. முதியோர் உதவித்தொகைப் படிவம் வாங்குகிற மேசை என்னுடையது. படிவத்தின் அடியில் 'இடது கைப் பெருவிரல் ரேகை' என்று அச்சடித்திருக்கும். ஒரு முதிய நெசவாளி வந்தார். கையெழுத்துப் போடத் தெரியாது. இடது கையில் பெருவிரலும் இல்லை. "படிவத்தில் இடது பெருவிரல் என்றுதான் இருக்கிறது பெரியவரே, நான் என்ன செய்வது?" என்று திருப்பி அனுப்பினேன். மரியாதையாகத்தான் சொன்னேன். மாலையில் மேலாளரிடம் இதைப் பெருமையாகச் சொன்னபோது அவர் எழுந்து நின்றுவிட்டார். "வலது பெருவிரலை வாங்கி, பக்கத்தில் ஒரு வரி குறிப்பு எழுதிக் கையொப்பம் போட வேண்டியதுதானே? ரேகை கேட்பது ஆளை அடையாளம் தெரிந்துகொள்ள. விரலைச் சேகரிக்கவா நாம் உட்கார்ந்திருக்கிறோம்?" என்றார். கடிதம் போட்டு அந்தப் பெரியவரை வரவழைக்க இரண்டு மாதம் ஆயிற்று. அந்த இரண்டு மாதப் பணம் அவருக்குப் போனதுதான். வந்தவர் என்னைத் திட்டக்கூட இல்லை. வலது பெருவிரலை மையில் ஒற்றிவிட்டு, கும்பிட்டுவிட்டுப் போனார்.

சேலத்தில் அந்த இளைஞர் என் விரல்களை நிமிர்த்திப் பார்த்தபோது எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த என்னையே பார்த்ததுபோல் இருந்தது. அதுதான் பொறுக்கவில்லை.

இரண்டாவது காரணம் புதியது. அன்றைக்கு வகுப்பு வாசலில் பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் அப்பாவோடு நின்றான். சின்ன வயதில் சைக்கிள் செயினில் மாட்டி இடது சுண்டுவிரலின் நுனி போய்விட்டது. அவனுக்கும் அதே தீர்ப்பு. "வேற ஏதாச்சும் கத்துக்க தம்பி" என்றார்கள். ராசிபுரம் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில்தான் வந்தான். அந்தக் கையை பேண்ட் பாக்கெட்டில் விட்டவன் ஊர் வரும் வரை எடுக்கவில்லை. நான் கிழவன், இன்னொரு வகுப்பு தேடுவேன், இல்லாவிட்டால் வீட்டில் உட்கார்ந்து பழகுவேன். அவன் என்ன செய்வான்? தன் கை எதற்கும் உதவாது என்று ஒரு முறை நம்பிவிட்ட பிள்ளையை எந்தப் படம் காட்டித் திருப்புவீர்கள்?

எதிர்த்தரப்புக்கும் நியாயம் செய்ய வேண்டும். கிரேடு தேர்வுக்குப் போகிற பிள்ளைக்குப் பாடத்திட்டம் இருக்கிறது, அதை ஒட்டித்தான் சொல்லித்தர வேண்டும். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வருகிறவர்கள் எல்லோரும் தேர்வுக்கு வருகிறவர்கள் அல்ல. தவறான பழக்கம் கையைக் கெடுக்கும் என்கிறார்கள். அதுவும் சரி, ஆகவேதான் இரண்டு விரலுக்கும் ஒழுங்கான பயிற்சி வேண்டும் என்கிறேன். கையை இழுத்து நீட்டாமல் நகர்த்துவது, மணிக்கட்டை மடக்காமல் வைப்பது, வலித்தால் நிறுத்துவது. வேகம் வராது என்கிறார்கள். 1937ல் பதிவான 'மைனர் ஸ்விங்' கேட்டுவிட்டு அதைச் சொல்லட்டும். என் வேகம் மாட்டு வண்டி வேகம்தான், மறைக்கவில்லை. அதற்குக் காரணம் என் வயது. விரல் கணக்கைக் குறை சொல்லாதீர்கள்.

ஆகவே ஆசிரியர்களிடம் கேட்பது மூன்றே விஷயம். படத்தைக் காட்டும் முன் ஸ்வரத்தைப் பாடச் சொல்லுங்கள். விதியைச் சொல்லும் முன் வந்தவரின் கையைப் பாருங்கள், அனுப்புவதற்காக அல்ல, அந்தக் கைக்கு வழி எழுதுவதற்காக. அப்படி எழுதத் தெரியாவிட்டால், "எனக்குத் தெரியாது" என்று சொல்லுங்கள். "உங்களால் ஆகாது" என்று சொல்லாதீர்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு பிள்ளையின் வாழ்நாள் இருக்கிறது.

பிரெஞ்சில் விரல் வைக்கும் முறைக்கு 'துவாத்தே' என்று பெயர். விரல் என்ற சொல்லிலிருந்து வந்தது. அதே சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு: மனிதர்களை நோகாமல் கையாளும் நாசூக்கு. பள்ளியில் படித்தபோது இரண்டும் எப்படி ஒரு சொல்லில் சேர்ந்தன என்று எனக்குப் புரியவில்லை. இப்போது புரிகிறது.

அந்தப் பையனின் அப்பாவை ராசிபுரம் பேருந்து நிலையத்தில் மறுபடி பார்த்துப் பேசினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பையன் எங்கள் வீட்டுக்கு வருகிறான். நான் ஆசிரியன் இல்லை, என்னைவிட அவனுக்கு ஒரு விரல் கூடுதல். ச க, ப த என்று இருவரும் பாடிவிட்டுத்தான் கருவியைத் தொடுகிறோம். மூன்றாம் வாரமே பதின்மூன்றாம் மெட்டுக்கு என்னை முந்திக்கொண்டு போய்விட்டான். மனைவி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, "இவனாச்சும் உருப்படியா வாசிக்கிறானே" என்கிறாள்.

என் முறையீடு இத்தோடு முடிந்தது. நான்கு விரல் இல்லாமல் ஆகாது என்று இன்னும் சொல்கிறவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வரலாம். அக்காளையும் வீணையோடு வரச் சொல்கிறேன்.